பால் கணக்கைக் கேட்காத உணவுப் பட்டியல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவத்துக்குப் பின் எடை குறைப்பது பற்றி மகளிர் பக்கங்களிலும் ஞாயிறு இணைப்புகளிலும் வரும் குறிப்புகள் பெரும்பாலும் இரண்டே வகைதான். "பால் கொடுத்தாலே உடம்பு தானாக இளைத்துவிடும்" என்பது ஒன்று. "பால் நிறுத்தும்வரை எடையைப் பற்றி நினைக்கவே கூடாது" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, கட்டம் கட்டிய விளம்பரத்தில் "30 நாளில் 10 கிலோ". பாலூட்டல் ஆலோசனை, உணவியல், இயன்முறை மருத்துவம் ஆகிய துறைகளில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதும் இக்கடிதத்தில் கோரிக்கை ஒன்றுதான்: குழந்தைக்கு என்ன வயது, ஒரு நாளில் எவ்வளவு தாய்ப்பால் குடிக்கிறது என்ற இரண்டையும் கேட்காத எந்த உணவுப் பட்டியலையும் பாலூட்டும் தாய்க்கு என்று சொல்லி அச்சிடாதீர்கள். ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறோம்.

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை முதல் ஆறு மாதங்களில் சராசரியாக நாளொன்றுக்கு 750 முதல் 800 மி.லி. குடிக்கிறது. 100 மி.லி. தாய்ப்பாலில் ஏறத்தாழ 67 கலோரி இருக்கிறது. அதைச் சுரக்க உடம்புக்கு ஆகும் செலவோ அதைவிட அதிகம். செலவிடும் சக்தியில் சுமார் 80 விழுக்காடுதான் பாலாகிறது. ஆக, 100 மி.லி. பாலுக்கு 84 கலோரி என்று வைத்துக்கொள்ளலாம். 750 மி.லி.க்கு 630. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் பால் அளவைச் சற்றுக் கூட்டி வைத்து, மொத்தச் செலவு 675, கர்ப்பகாலத்தில் சேர்ந்த கொழுப்பிலிருந்து வரவு 170, மீதி 505 என்று கணக்குப் போட்டிருக்கின்றன. "பாலூட்டும்போது தினமும் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும்" என்ற அறிவுரை வந்த வழி இதுதான்.

"தானாக இளைக்கும்" என்பதற்கு ஆதாரமாக இருப்பது அந்த 170 கலோரி மட்டுமே. ஒரு மாதத்துக்குக் கூட்டிப் பார்த்தால் 5,100 கலோரி; கொழுப்பாக முக்கால் கிலோகூட வராது. அதுவும் அந்த 505-க்கு மேல் வேறெதுவும் கூடுதலாகச் சாப்பிடாமல் இருந்தால். பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் பசியையும் தூண்டிவிடும். இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு எழுந்து நாலு பிஸ்கட் சாப்பிட்டால் அந்த 170 அங்கேயே சரியாகிவிடும். பால் கொடுத்தும் இளைக்கவில்லையே என்று கவலைப்படும் தாயின் உடம்பில் கோளாறு ஒன்றும் இல்லை. அவருக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதிதான் பெரியது.

இப்போது மூன்று தாய்மாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் முழுக்கத் தாய்ப்பால் கொடுக்கிறார்: செலவு 630. இன்னொருவர் பாதி புட்டிப்பால், பாதி தாய்ப்பால், 400 மி.லி. என்றால் செலவு 335. மூன்றாமவருக்கு இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் சேர்த்து 1,500 மி.லி. சுரந்தால் 1,260. குழந்தை வாய்வைத்துக் குடித்தாலும் பம்ப் வைத்து எடுத்தாலும் செலவு மாறாது. இந்த மூவருக்கும் ஒரே பட்டியலைக் கொடுத்தால் ஒருவருக்கு எடை கூடும், ஒருவருக்கு இறங்கும், ஒருவர் துவண்டுபோவார்.

ஒரு மாதிரிக் கணக்கு. பால் நீங்கலாக நாளுக்கு 1,950 கலோரி தேவைப்படும் ஒரு தாய், முழுத் தாய்ப்பால் கொடுத்தால் 2,580 கலோரி செலவாகும். அவர் 2,100 சாப்பிட்டால் நாளுக்கு 480 துண்டு விழும், வாரத்துக்கு 3,360. ஒரு கிலோ உடல் கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்பதால், வாரத்தில் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். பாதுகாப்பான வேகம் இவ்வளவுதான்: வாரத்துக்கு அரைக் கிலோ, மாதத்துக்கு 2 கிலோ. கவனியுங்கள், அவர் சாப்பிடுவது 2,100. இது பட்டினி இல்லை. இதே தாய் கையில் பரவலாகப் புழங்கும் 1,200 கலோரிப் பட்டியல் கிடைத்தால் நாளுக்கு 1,380 துண்டு விழும். கொழுப்போடு தசையும் கரையும், தலைசுற்றும், கொஞ்ச நாளில் பாலும் குறையத் தொடங்கும். பெரும்பாலான பாலூட்டும் தாய்மாருக்கு 1,800 கலோரி என்பது கீழ் எல்லை. 1,500க்குக் கீழே போனால் பால் அளவு குறையும் அபாயம் நிஜமானது.

மிதமான குறைப்பு குழந்தையைப் பாதிக்காது என்பதற்குச் சோதனை ஆதாரம் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வு, கூடுதல் எடையுள்ள 40 பாலூட்டும் தாய்மாரை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் பிரசவமான 4-ஆவது வாரத்திலிருந்து 14-ஆவது வாரம்வரை தினம் 500 கலோரி குறைத்துக்கொண்டார்கள். வாரத்தில் நான்கு நாள் 45 நிமிட உடற்பயிற்சியும் செய்தார்கள். அவர்களுக்குச் சராசரியாக 4.8 கிலோ இறங்கியது. மற்றப் பிரிவினருக்கு 0.8 கிலோ. குழந்தைகளின் எடையிலும் நீளத்திலும் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. "பால் நிறுத்தும்வரை நினைக்கவே கூடாது" என்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. ஆனால் அவர்கள் கூடுதல் எடையுள்ளவர்கள், கண்காணிப்பில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே ஒல்லியாக இருந்து, எடையை உயரத்தோடு ஒப்பிடும் உடல் நிறைக் குறியீடு (பி.எம்.ஐ.) 18.5க்குக் கீழே நிற்கும் தாய்க்கு எடைகுறைப்பு என்ற பேச்சே வேண்டாம்.

எப்போது தொடங்குவது? முதல் ஆறு வாரம் எதையும் குறைக்க வேண்டாம் என்பது எங்கள் ஒருமித்த கருத்து. மேற்சொன்ன ஆய்வு நான்காவது வாரத்திலேயே தொடங்கியது உண்மைதான். ஆனால் அங்கே வாராவாரம் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது, வீட்டில் இருக்காது. அந்த வாரங்களில்தான் பால் சுரப்பு நிலைப்படுகிறது, பிரசவப் புண்ணோ அறுவைத் தையலோ ஆறுகிறது, இழந்த ரத்தம் ஊறுகிறது. தவிர, அப்போது இறங்குவதெல்லாம் தானாகவே இறங்கும். பிரசவத்தன்றே குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு கிலோ போய்விடும். கர்ப்பத்தில் தேங்கிய நீர் அடுத்த இரண்டு வாரத்தில் சிறுநீராகவும் வியர்வையாகவும் வெளியேறும். பிரசவம் முடிந்ததும் ஒரு கிலோவாக இருக்கும் கருப்பை, ஒரு வாரத்தில் அரைக் கிலோவாகி, ஆறு வாரத்தில் 100 கிராமுக்குள் சுருங்கிவிடும். சிசேரியனில் நரம்பு வழி திரவம் நிறைய ஏற்றியிருந்தால் முதல் சில நாள் கால் வீங்கி எடை கூடக் காட்டும், அது வடிந்துவிடும். ஆனால் வீக்கத்தோடு கடும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் அது எடைப் பிரச்சினை அல்ல. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம்வரை ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறக்கூடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆறு வாரத்துக்குப் பின், குழந்தையின் எடை ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தால் தொடங்கலாம். எடுத்த எடுப்பில் 500 கலோரியை வெட்டக் கூடாது. முதல் வாரம் ஒன்றையும் மாற்றாமல், சாப்பிடுவது, குடிப்பது எல்லாவற்றையும் எழுதி வைப்பது. நின்றுகொண்டே வாயில் போட்டதையும்தான். பெரும்பாலும் கணக்கில் விழாமல் போவது அதுவே. அடுத்த வாரம் 200 முதல் 250 கலோரி குறைப்பது. குழந்தையின் எடையையும் சிறுநீரையும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, இன்னொரு 200. எங்கே குறைப்பது என்பதில் வரிசை முக்கியம். முதலில் குடிக்கும் சர்க்கரை. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 20 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டி வீதம் நாளுக்கு ஐந்து கோப்பை குடித்தால் சர்க்கரை மட்டும் 200. பழச்சாறும் பாட்டில் பானங்களும் இதே கணக்கில்தான் வரும். அடுத்து எண்ணெய்: ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. கண்ணளவில் ஊற்றுவதை நிறுத்தி அளந்து ஊற்றினாலே பல வீடுகளில் முதல் 200 கிடைத்துவிடும். மூன்றாவதுதான் தட்டு: பாதிக்குக் காய்கறி, கால்பங்கு புரதம், கால்பங்கு தானியம். தானியத்தைத் தட்டிலிருந்து ஒரேயடியாக விரட்டக் கூடாது. காரணம் பிறகு சொல்கிறோம்.

பால் நன்றாக ஊற வேண்டும் என்று கொழுப்பையும் இனிப்பையும் கூடுதலாக ஊட்டுவதில் பலன் இல்லை. தாய் எவ்வளவு கொழுப்பு சாப்பிட்டாலும் பாலில் உள்ள மொத்தக் கொழுப்பின் அளவு பெரிதாக மாறாது. எந்த வகைக் கொழுப்பு என்பதுதான் மாறும். பாலின் அளவை நிர்ணயிப்பது மார்பு எத்தனை முறை, எவ்வளவு நன்றாகக் காலியாகிறது என்பது. தண்ணீர் விஷயமும் அப்படியே. தாகத்துக்குக் குடித்தால் போதும். உணவில் இருப்பதையும் சேர்த்து நாளுக்கு 2.7 லிட்டர் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் அளவு. அதற்கு மேல் வலிந்து குடிப்பது பாலைக் கூட்டாது. கழிப்பறைக்கு நடக்கும் நடையைத்தான் கூட்டும்.

புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். உடல் எடையில் கிலோவுக்கு 1.3 கிராம் என்பது பொதுவான இலக்கு. 55 கிலோ எடைக்கு 70 கிராமுக்குச் சற்று மேல். ஒரு முட்டையில் 6 கிராம், 200 மி.லி. பாலில் 6 முதல் 7, சமைப்பதற்கு முன் 30 கிராம் எடையுள்ள பருப்பில் ஏறக்குறைய 7, 100 கிராம் மீனில் 20. மூன்று வேளைக்கும் 20 கிராம் வீதம் பிரித்து, இடைவேளையில் மிச்சத்தை வைத்தால் சரியாக வரும். புரதம் குறைந்தால் எடை இறங்குவது தசையிலிருந்துதான், மறுநாள் பசியும் கூடும். இரவில் பாலூட்டும்போது பசிப்பது இயல்பு. அதை அடக்கப் பார்ப்பதைவிட, 150 கலோரிக்குள் ஒன்றை மாலையிலேயே எடுத்து வைத்துவிடுவது நல்லது: ஒரு கிண்ணம் தயிரும் பழமும், அல்லது ஒரு வேகவைத்த முட்டையும் பழமும். எடுத்து வைக்காத இரவில் கை பிஸ்கட் டப்பாவுக்குத்தான் போகும்.

நுண்சத்துகளில் இரண்டு வகை உண்டு. கால்சியம், இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றைத் தாய் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலில் அளவு குறையாது. கால்சியத்தை உடம்பு தாயின் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். பால் நிறுத்திய பின் எலும்பு பெரும்பாலும் மீண்டுவிடுகிறது என்றாலும், நாளுக்கு 1,000 மி.கி. கால்சியம் கிடைக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அயோடின், வைட்டமின்கள் பி1, பி12, ஏ ஆகியவை அப்படி இல்லை. தாய் உணவில் குறைந்தால் பாலிலும் குறையும். அசைவம் சாப்பிடாத, பால் பொருள்களையும் குறைத்துக்கொண்ட தாய்க்கு பி12 குறைந்தால் குழந்தையின் நரம்பு வளர்ச்சியே பாதிக்கப்படலாம். எடைகுறைப்பு என்று சொல்லி உணவுவகைகளை ஒவ்வொன்றாக நீக்கும் பட்டியல்களில் எங்களை அதிகம் உறுத்துவது இதுதான். மருத்துவரிடம் கேட்டு பி12, வைட்டமின் டி, அயோடின் உள்ள மாத்திரை எடுத்துக்கொள்வது சிக்கனமான காப்பீடு.

தானியத்துக்கு வருவோம். ஒரு நாள் பாலில் மட்டும் 50 கிராமுக்கு மேல் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை போகிறது. அதைச் செய்யக் குளுக்கோஸ் வேண்டும். அமெரிக்க ஊட்டச்சத்து அளவுகோல் பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 210 கிராம் மாவுச்சத்து என்று வைத்திருப்பது இதனால்தான். மாவுச்சத்தை 20, 30 கிராமுக்குக் குறைக்கும் கீட்டோ வகை உணவுமுறையைப் பாலூட்டும் பெண் பின்பற்றினால், நீரிழிவு இல்லாதவருக்கும் ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரக்கூடும். ஸ்வீடனில் பாலூட்டிக்கொண்டே குறைந்த மாவுச்சத்து, அதிகக் கொழுப்பு உணவு முறைக்கு மாறிய ஒரு பெண்ணுக்கு இது நேர்ந்ததை அங்குள்ள மருத்துவர்கள் 2015-இல் பதிவு செய்தார்கள். குமட்டல், வாந்தி, படபடப்பு, கைநடுக்கம், மூச்சு வேகமாதல் ஆகியவை அறிகுறிகள். வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இன்னும் சாப்பிடாமல் கிடந்தால் நிலைமை மோசமாகும். வாந்திபேதியோ காய்ச்சலோ வந்து சாப்பிட முடியாமல் போகும் நாளிலும் இதே ஆபத்து உண்டு. அன்று எடைகுறைப்பை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். 16 மணிநேர உண்ணாநோன்பு முறைகளையும் குழந்தை தாய்ப்பாலை மட்டுமே நம்பியிருக்கும் மாதங்களில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. இரவு தூங்கும் நேரம் நீங்கலாக நான்கு, ஐந்து மணிநேரத்துக்கு மேல் வயிற்றைக் காயப்போட வேண்டாம்.

விளம்பரத்தில் வரும் 'இளைக்கும் தேநீர்' பலவற்றில் சென்னா போன்ற பேதி மூலிகைகள் இருக்கின்றன. இறங்குவது நீர்தான், கொழுப்பு இல்லை. கடற்பாசிச் சாறு கலந்தவற்றில் அயோடின் அளவுக்கு மீறி இருந்தால் குழந்தையின் தைராய்டு அடங்கிப்போகலாம். பச்சைத் தேயிலைச் சாற்று மாத்திரைகளில் காஃபின் இருக்கும். பாலூட்டும்போது காஃபின் மொத்தமாக நாளுக்கு 200 மி.கி. வரைதான், பெரியவர் உடம்பிலிருந்து ஐந்தாறு மணிநேரத்தில் பாதியாகிவிடும் காஃபின், பிறந்த குழந்தையின் உடம்பில் பாதியாக மூன்று நாளுக்கும் மேலாகும். எடைகுறைப்பு மருந்துகளில் ஆர்லிஸ்டாட், பென்டர்மின் இரண்டும் பாலூட்டும்போது கூடாது. செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகளையும் இக்காலத்தில் பயன்படுத்த வேண்டாம் என்பதே பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அறிவுரை. பாலில் கலப்பது எவ்வளவு என்பது ஒரு கேள்வி. தாயின் பசியே அடங்கிப்போய் 1,500 கலோரிக்குக் கீழே இறங்கிவிடுவார் என்பது இன்னொன்று, அதை யாரும் பேசுவதில்லை. மூக்கடைப்புக்குக் கொடுக்கும் சூடோஎபிட்ரின் பாலைக் குறைக்கும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். சளி மாத்திரை போட்ட வாரத்தில் பால் குறைந்தால் பழி உணவுமேல் விழுந்துவிடும்.

உடற்பயிற்சிக்கு வந்தால் முதல் தவறு, தொப்பையைக் கரைக்கப் படுத்தெழும் பயிற்சியில் இறங்குவது. கர்ப்பத்தில் வயிற்றின் நடுக்கோட்டில் இருபக்கத் தசைகளும் விலகியிருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விரல்களைத் தொப்புளுக்குச் சற்று மேலே குறுக்காக வைத்துத் தலையை மட்டும் தூக்கிப் பாருங்கள். விரல் உள்ளே இறங்கும் இடைவெளி தெரியும். எட்டு வாரம் ஆகியும் அது இரண்டு விரல் அகலத்துக்கு மேல் இருந்தாலோ, தலையைத் தூக்கும்போது வயிற்றின் நடு கூரை முகடுபோலப் புடைத்தாலோ, படுத்தெழும் பயிற்சியும் பலகைநிலைப் (பிளாங்க்) பயிற்சியும் அப்போதைக்கு வேண்டாம். அவை நடுக்கோட்டை இன்னும் தள்ளும். மூச்சை வெளியே விட்டபடி அடிவயிற்றை மெல்ல உள்ளிழுத்து ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, படுத்தபடி இடுப்பைச் சாய்ப்பது ஆகியவற்றில் தொடங்கி, இயன்முறை மருத்துவரைப் பார்ப்பது நல்லது. வயிற்றுப் பட்டை தாங்குதலாக இருக்கும், கொழுப்பைக் கரைக்காது. மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் தாங்கும் தசைகளான இடுப்புத் தளத்தில் இறங்கும்.

இடுப்புத் தளத் தசைப் பயிற்சியைப் பிரசவமான சில நாளிலேயே தொடங்கலாம்: சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கி, ஐந்து முதல் பத்து வினாடி பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்தி, பத்து தடவை, நாளுக்கு மூன்று முறை. மூச்சை அடக்கக் கூடாது. சிறுநீர் போகும்போதே நிறுத்திப் பழகுவதும் கூடாது. நடையையும் உடம்பு இடம்கொடுத்தவுடன் ஆரம்பிக்கலாம். சிசேரியன் ஆனவர்கள் ஆறு வாரம்வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம். ஓட்டம், குதிக்கும் பயிற்சிகள் மூன்று மாதத்துக்குப் பின்தான். இருமும்போது சிறுநீர் கசிந்தாலோ கீழே கனமாக இறங்குவதுபோல இருந்தாலோ அப்போதும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் பிரசவமான பெண்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பையே சொல்கிறது. அதைப் பத்துப் பத்து நிமிடமாக உடைத்துச் செய்தாலும் கணக்கில் சேரும். பால் கொடுத்து முடித்தபின் பயிற்சி செய்தால் மார்பு கனக்காது. உள்ளாடை தாங்க வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் பால் கட்டிக்கொள்ளும். பயிற்சி செய்தால் பால் புளிக்கும் என்பது மிதமான பயிற்சிக்குப் பொருந்தாது.

இத்தனையையும் செய்யும்போது பார்க்க வேண்டிய முதல் அளவை தாயின் எடை அல்ல, குழந்தையின் எடை. முதல் மூன்று, நான்கு மாதங்களில் வாரத்துக்கு 150 முதல் 200 கிராம், அடுத்த இரண்டு மாதம் 100 முதல் 150, ஆறு மாதத்துக்குப் பின் 50 முதல் 100 ஏறினால் நல்லது. 24 மணிநேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும், அது வெளிர் நிறமாக இருக்க வேண்டும். ஏற்றம் தடுமாறினால் உடனே புட்டிக்குப் போகாமல், குழந்தை மார்பை வாய் நிறையப் பற்றுகிறதா, நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை குடிக்கிறதா என்று பாருங்கள். அதோடு குறைத்த கலோரியில் 200, 300ஐத் திரும்பச் சேர்த்து ஒரு வாரத்தில் மறுபடி எடை பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும்.

பொய் அபாய மணிகளும் உண்டு. ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மார்பின் கனமும் கசிவும் குறைவது சுரப்பு சீராகிவிட்டதன் அடையாளம். எடைகுறைப்பைத் தொடங்கும் அதே நேரத்தில் இது வருவதால், உணவைக் குறைத்ததும் பால் வற்றிவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். மூன்றாவது, ஆறாவது வாரங்களிலும் மூன்றாவது மாதத்திலும் குழந்தை திடீரென்று மணிக்கொரு தடவை கேட்பதும், மாதவிலக்கு திரும்பும் நாள்களில் பால் சற்றுக் குறைவதும் இதே குழப்பத்தைத் தரும். பம்ப் வைத்தால் எவ்வளவு வருகிறது என்பதும் அளவுகோல் இல்லை. குழந்தை உறிஞ்சும் அளவுக்குப் பம்ப் எடுக்காது.

தாய் எடை பார்ப்பது வாரத்துக்கு ஒரு முறை போதும்: காலையில், வெறும் வயிற்றில், பால் கொடுத்து முடித்த பின்பு. நிறைந்த மார்புக்கும் காலியான மார்புக்கும் உள்ள வித்தியாசமே சில நூறு கிராம் இருக்கும். ஒரு வாரம் முழுக்கப் பாடுபட்டு இறக்கியது அரைக் கிலோ. அதைப் பாலின் கனம் மறைத்துவிட்டால் மனம் சோர்ந்துவிடும்.

ஒழுங்காகச் செய்தும் இரண்டு மாதமாக முள் அசையாவிட்டால் உணவை மேலும் வெட்டாமல் வேறு காரணத்தைத் தேட வேண்டும். பிரசவத்துக்குப் பின் நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள் தைராய்டு மந்தமாவது அரிதல்ல, அதைக் கண்டுபிடிக்க டி.எஸ்.எச். என்ற ரத்தப் பரிசோதனை போதும். கருத்தடைக்குப் போடும் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசி சிலருக்கு எடையைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ பாலைக் குறைக்கலாம். கர்ப்பத்தில் சர்க்கரை இருந்தவர்கள் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்திருக்க வேண்டும். இன்சுலின் போடுபவர்கள் பாலூட்டும்போது சர்க்கரை சட்டென்று இறங்கும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது. தூக்கத்தையும் கணக்கில் எடுங்கள். குழந்தைக்கு ஆறு மாதமாகும்போது நாளுக்கு ஐந்து மணிநேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கிய தாய்மாரிடம், ஒரு வருட முடிவில் ஐந்து கிலோவோ அதற்கு மேலோ தங்கிவிடும் வாய்ப்பு கூடுதல் என்று 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. இதற்கான மருந்து தாயிடம் இல்லை. இரவில் ஒரு முறை எழுந்து குழந்தையைத் தூக்கும் மற்றவர் கையில் இருக்கிறது. எதிலும் நாட்டமின்மை, காரணமில்லாத அழுகை, சாப்பிட்டதற்காகத் தன்னையே வெறுப்பது ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் எடையை மறந்துவிட்டு மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, பட்டியல்கள் தொடவே தொடாத ஒரு கட்டம். ஆறு மாதத்தில் இணை உணவு தொடங்கியதும் குழந்தை குடிக்கும் பால் மெல்லக் குறையும். ஒரு வயதை நெருங்கும்போது 500 மி.லி. அளவுக்கு வருவது சகஜம். 750 குடித்தபோது 630 ஆக இருந்த செலவு 420 ஆகிவிடும். தாயின் சாப்பாடு மட்டும் பழைய அளவிலேயே நின்றால் நாளுக்கு 210 கலோரி மிச்சமாகி, மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல் ஏறும். "பால் நிறுத்தியதும் உடம்பு போட்டுவிட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். பால் ஒவ்வொரு 100 மி.லி. குறையும்போதும் உணவில் 80 கலோரி குறைத்தால் போதும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மூன்றில் இரண்டு பங்குதான். கிண்ணத்தில் குழந்தை மிச்சம் வைத்ததை வீணாகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வதையும் அதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பாலூட்டல் ஆலோசகர்கள், உணவியலாளர்கள், இயன்முறை மருத்துவர்கள் சிலர்